பச்சைக்குள் ஒரு லயம்

ஏற்கெனவே எழுதி முடித்த திட்டத்துக்கு மக்களிடம் யோசனை கேட்கப் போவதுதான் என் உத்தியோகம். பதவியின் பெயர் சமூகப் பங்கேற்பு இணைப்பாளர். பங்கேற்பைப் பிரித்தால் பங்கு, ஏற்பு; பங்கு அலுவலகத்துக்கு, ஏற்பு மக்களுக்கு. ஊவாவில் புகையைக் குறைப்பதும், மழைக்கும் மண்சரிவுக்கும் ஊர்களைத் தயார்படுத்துவதும் எங்கள் திட்டம். ஏதோ ஒரு கூட்டத்தில் மஞ்சள் தாளில் ஆசையை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு இன்னும் காத்திருக்கும் வாசகரே, இது உங்களுக்கு.

காலைப் பெரட்டு

முதல் கூட்டம் பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். எல்லோரும் வந்தே தீரும் இடம் என்று, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தையே தேர்ந்தெடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். உங்கள் முன்னுரிமைகள் எவை என்று கேட்டதும் அத்தனை பேரும் கூடையோடு வரிசையில் நின்றார்கள். அந்த இடத்தில் முன்னால் நின்று பேசுபவர் வேலை சொல்பவர். பதில் எதிர்பார்ப்பவர் அல்லர். என்மேல் இரக்கப்பட்டு கங்காணி கிட்ட வந்து சொன்னார்: "சார், எத்தனாம் நம்பர் மலைன்னு மட்டும் சொல்லுங்க, போயிடுறோம்."

வரைபடம்

அடுத்த முறை புத்தி வந்து, வேலை விட்ட பிறகு, தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வரைபடத்தை விரித்தேன். கொழுந்து பறிக்கும் பாக்கியம் குனிந்து தன் லயத்தைத் தேடினார். தொழிலாளர் குடும்பங்களின் அந்த வரிசை வீட்டில் கடைசிக் காம்பரா அவருடையது. பின்சுவரை ஒட்டிய மேட்டில் வெடிப்பு. போன மழையில் விரல் நுழைந்தது, இப்போது கை நுழைகிறது. லயத்தை வேறிடத்துக்கு மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான் அவர் கோரிக்கை. வரைபடத்தில் கோயில் இருந்தது, பெக்டரி இருந்தது, லயம் இல்லை. தோட்டக் காணி முழுவதும் தேயிலை என்று பச்சை பூசிவிட்டார்கள் என விளக்கினேன். பச்சையின்மேல் விரலை வைத்துக் கேட்டார்: "அப்ப மண்ணு சரிஞ்சா, நாலு தேயிலைச் செடி போச்சுன்னு எழுதுவீங்களா சார்?"

படிவம்

பாக்கியத்தின் கோரிக்கையைப் படிவத்தில் சேர்க்க முயன்றேன். ஒவ்வொரு யோசனைக்கும் பக்கத்தில் 'புகை எவ்வளவு குறையும்' என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் யோசனை தள்ளுபடி. புகையில்லா அடுப்பு உடனே தேறியது. மழை அளக்கும் போத்தலும் தேறியது. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. லயத்துக்காக வாதாடினேன், இரண்டு அடிக்குறிப்புகளோடு. பணிப்பாளர் கெட்டவர் அல்லர். பொறுமையாகக் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார்: "வீட்டை மாத்தினா எவ்வளவு புகை குறையும்னு காட்டுங்க, இப்பவே சேர்த்துடலாம்."

சிவப்புக் கோடு

பாக்கியத்துக்கு அடுப்பும் போத்தலும் கிடைத்தன. போத்தலில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் உடனே வெளியேற வேண்டும் என்று நானே சொல்லிக்கொடுத்தேன். பிறகொரு அடைமழையின் மூன்றாம் நாள், மத்தியானம், பாக்கியத்திடமிருந்து போன் வந்தது. நான் திட்டத்தைப் புரட்டினேன். தங்குமிடம் என்ற தலைப்பின் கீழ், 'மக்களுடன் கலந்தாலோசித்துத் தீர்மானிக்கப்படும்' என்று அழகான தமிழில் இருந்தது. எழுதியவன் நான்தான். மறுமுனையில் பாக்கியம் திரும்பவும் கேட்டார்: "கோட்டைத் தாண்டிருச்சு சார், எங்க போகணும்ங்கிறது எதுல போட்டிருக்கு?"

மீளாய்வு

என் பதிலுக்குக் காத்திராமல் அவரே கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் கோயிலுக்குக் கூட்டிப்போனார். உயிர்கள் தப்பின. கடைசி மூன்று காம்பராக்களும் மண்ணுக்குள் போயின. பல மாதம் கழித்து மீளாய்வுப் படிவத்தோடு போனபோது, அவர்கள் பாடசாலைக் கட்டடம் ஒன்றில் சேலையால் மறைப்புக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். புது லயம் எப்போது என்று பாக்கியம் கேட்கவில்லை; அதுதான் என்னைக் கொன்றது. படிவத்தின் முதல் கேள்வி அடுப்பைப் பற்றியது, கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர் தூரத்தில் காம்பராவை மூடிக் கிடந்த மண்மேட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அடுப்புல இப்ப புகையே இல்ல சார், எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன், எங்கள் திட்டம் முழுமையாக எட்டிய இலக்கு இன்றுவரை அது ஒன்றுதான்.