எட்டுக்கு ஒரு பெயர்

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் அட்டவணை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ஓட்டுநர், எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று தினமும் கட்டம் போட்டு ஒட்டுவது அவள் வேலை. முப்பத்தொன்பது வயதில், அதைக் கணினியே செய்யட்டும் என்று புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். தட்டுத் தடுமாறி எழுதியதுதான், ஆனாலும் ஓடியது. இரண்டு மாதம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஒரு விதி மாறியது. இரண்டு பணிகளுக்கு நடுவே ஓட்டுநருக்கு எட்டு மணி நேர ஓய்வு இருந்தது, இனி பத்து. ஒரு எண்ணை மாற்றினால் போதும் என்று திறந்தாள். உள்ளே அ, அ1, அ2 என்று பெயர்கள். எழுதியவளுக்கே விளங்கவில்லை. எட்டு என்ற எண் ஐந்து இடத்தில் இருந்தது. எதற்கு வம்பு என்று ஐந்தையும் பத்தாக்கினாள். அதில் ஒன்று ஓய்வு நேரமே இல்லை, எட்டாம் எண் வண்டி.

மறுநாள் காலை எட்டாம் எண் வண்டிக்கு ஆளே இல்லை. பத்தாம் எண்ணுக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் ஹாரன். அவர் குரலுக்கு வைத்த பெயர் அது.

"இருக்கிறது ஒரே ஸ்டீயரிங்! ஆளுக்குப் பாதியா பிடிக்கிறதா?"

பணிமனையே சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை. "பழையபடி கையாலயே எழுதிடுங்கம்மா."

"ஒரு வாரம் குடுங்க சார்."

முதலிலிருந்து எழுதினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர். ஒரு பகுதிக்கு ஒரே வேலை. பெயர்களைப் படித்தாலே புரியும் தமிழில் வைத்தாள். எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். "நம்ம பொண்ணுக்குப் பேர் வைக்கக்கூட நீ இவ்வளவு யோசிக்கலையே" என்றான் கணவன்.

ஏழாம் நாள் ஒரு பக்கத்தை அச்செடுத்து ஹாரனிடம் நீட்டினாள்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதும்மா."

"தெரிய வேண்டாம்ண்ணே. சும்மா வாசிங்க."

அவர் விரல் வைத்து வாசித்தார். "கடைசிப் பயணம் முடிந்த நேரம்... கூட்டல் ஓய்வு நேரம்... இது தப்பு."

அவள் தாளை எட்டிப் பார்த்தாள். "எப்படிண்ணே?"

"ஆளை இறக்கினதும் என் வேலை முடிஞ்சிடுதா? வண்டியைக் கழுவ விட்டு, டீசல் போட்டு, சாவியைக் குடுக்க முக்கால் மணி ஆகும். அதை எங்க சேர்த்திருக்கே?"

எங்கும் சேர்த்திருக்கவில்லை. கையால் எழுதிய காலத்திலும் இந்தத் தப்பு இருந்திருக்கிறது. யார் கண்ணிலும் பட்டதில்லை. இப்போது கணினியைத் தொட்டே பார்க்காத ஒருவர் படித்துச் சொல்கிறார்! தப்பைச் சுட்டிக்காட்டியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவளை ஹாரன் அதுவரை பார்த்ததில்லை.

'வண்டி ஒப்படைக்கும் நேரம்' என்று ஒரு வரி சேர்த்தாள். வேறெங்கும் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை நாற்பத்திரண்டு வண்டிகளும் நேரத்துக்குக் கிளம்பின. மேலாளர் அட்டவணையை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "மத்த டிப்போக்காரங்களும் கேக்குறாங்க, குடுக்கலாமா?" என்றார்.

கேன்டீனில் ஹாரன் ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தப் புரோகிராமைத் திருத்துனதே நான்தான்!"

அட்டவணை அக்கா டீயை உறிஞ்சியபடி, "ஆமாண்ணே" என்றாள்.