பாடு இல்லாதவளுக்கு எத்தனையாவது மாடி

செவ்வந்திக்கு அடுக்குமாடி மேல் விரோதம் எதுவும் இல்லை. ஆரம்பாக்கத்துக்கு மீன் விற்கப் போகும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் அப்படி ஒன்று எழும்புவதைப் பார்த்திருக்கிறாள். தலையில் கூடையோடு அண்ணாந்து பார்க்க முடியாது என்பதால் மூன்றாவது மாடி வரைதான் பார்த்திருந்தாள். அதுவரை நன்றாகவே இருந்தது.

அவளுடைய ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. ஊருக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மணல் மேடு. ஊர்ப் பொது. வலை காயப்போடுவது, படகைக் கவிழ்த்துப்போட்டு ஓட்டை அடைப்பது, கருவாடு உலர்த்துவது, சண்டை போடுவது எல்லாம் அங்கேதான். மேட்டின் வடக்கு ஓரத்தில் செவ்வந்தியின் குடிசை. அவள் புருஷன் தெய்வசிகாமணி கட்டியது. அவன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. பிள்ளை இல்லை.

சென்னையிலிருந்து ஒரு கம்பெனி அந்த மேட்டைக் கேட்டு வந்தது. பதினான்கு மாடி கட்டப்போவதாகவும், எல்லா ஜன்னலிலும் ஏரி தெரியும் என்றும், ஊரில் குடும்பத்துக்கு ஒரு வீடு இலவசம் என்றும் கம்பெனி ஆள் ஹரிஹரன் கோயில் முன்னால் படத்தை விரித்துக் காட்டினான். படத்தில் ஏரி பளிங்கு நீலத்தில் இருந்தது. யாரும் அதைத் திருத்தவில்லை. ஏரிக்கரையில் இவ்வளவு உயரம் கட்ட விடுவார்களா என்று ஒருவர் கேட்டதற்கு, அனுமதி வந்துகொண்டிருக்கிறது என்றான். எங்கே வரை வந்திருக்கிறது என்று அவர் மறுபடி கேட்டார். அதற்கு அவன் தண்ணீர் குடித்தான்.

ஊர் பல விதமாகப் பேசியது. கரண்டு போனால் லிப்டில் மாட்டிக்கொண்டவன் எப்படி மூத்திரம் போவான் என்று கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். அம்மன் கோயிலுக்கு மேலே ஆறு ஆள் உயரத்தில் யாரோ ஒருவருடைய கக்கூஸ் வரும் என்பதைப் பூசாரி கண்டுபிடித்தார். மேல் மாடியிலிருந்து மடவை மீன் கூட்டம் எங்கே திரும்புகிறது என்று பார்த்துவிடலாமே என்று இளவட்டங்கள் சொன்னார்கள். எல்லாரும் மேலேயிருந்து பார்த்தால் பிடிக்கக் கீழே யார் இருப்பார்கள் என்று பெரியவர்கள் கேட்டார்கள். ஜெயம்மா என்றொருத்தி கருவாடு எங்கே காயப்போடுவது என்று விசாரித்தாள். பால்கனியில் என்று ஹரிஹரன் சொன்னான். சொல்லும்போதே அவன் முகம் கொஞ்சம் மாறியது. வேண்டாம் என்று சொன்னவர்களும் தங்களுக்கு எத்தனையாவது மாடி என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் வேண்டாம் என்றார்கள்.

குடும்பம் என்றால் யார் யார் என்ற கேள்வி வந்தபோது, அதை ஊரே சொல்லட்டும் என்றது கம்பெனி. ஊருக்கு அதில் குழப்பமே இல்லை. யாருக்குப் பாடு இருக்கிறதோ அவன் குடும்பம்.

ஏரியில் வலை கட்டும் இடத்துக்குத்தான் பாடு என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் இறால் அள்ளலாம். சேறு பக்கம் போனால் வலையைக் கழுவத்தான் நேரம் சரியாக இருக்கும். அதனால் எந்த இடமும் யாருக்கும் சொந்தம் கிடையாது. வருடம் ஒருமுறை அம்மன் முன்னால் குடத்திலிருந்து பேர்ச் சீட்டை எடுத்து, முதலில் யாருக்கு எந்த இடம் என்று பார்த்துவிட்டுத் திரும்பக் குடத்திலேயே போடுவார்கள். இன்றைக்கு நல்ல இடத்தில் கட்டியவன் நாளைக்குச் சேற்றுக்குப் போவான். இப்படி முறை சுற்றிக்கொண்டே இருக்கும். கல்யாணமான ஆண்களுக்குத்தான் பாடு. தெய்வசிகாமணி போனதும் அவன் முறை தம்பி முரளிக்குப் போயிற்று. முரளி நல்லவன்தான். தீபாவளிக்கு அண்ணிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பான்.

ஆக, மேடு போனால் செவ்வந்தியின் குடிசை போகும். பாடு இல்லாததால் மாடியில் வீடும் இல்லை. இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காலையில் கரைக்கு மீன் வந்ததும் ஏலம் விடுகிறவர் ஊர்த் தலைவர் தருமலிங்கம். செவ்வந்திக்கு அவர் மாமா முறை. மறுநாள் ஏலத்தில் கூடையை நிரப்பிக்கொண்டு, கிளம்பும் முன் அவள் கேட்டாள்.

"மேடு பூட்டா நான் எங்க மாமா போறது?"

பார்க்கலாம் என்றார் அவர். அடுத்த நாளும் அதே இடத்தில் நின்று, அதே குரலில், அதையே கேட்டாள். அவர் அதையே சொன்னார். அவள் அழவில்லை, சாபம் விடவில்லை, பஞ்சாயத்தைக் கூட்டச் சொல்லவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். வாங்கின மீனுக்கு ஐஸ் போடுவது மாதிரி, நாள் தவறாமல் கேட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் ஏலத்துக்கு வருகிறவர்கள் அவள் கேட்பதற்காகக் காத்திருந்து, கேட்ட பிறகு கலைந்து போக ஆரம்பித்தார்கள்.

தலைவருக்கு வேறு வழியும் இல்லாமல் போனது. மேட்டில் குடியிருப்பவர் எல்லாரும் கைநாட்டோ கையெழுத்தோ போட வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மேட்டில் குடியிருப்பவள் செவ்வந்தி ஒருத்திதான். கோயிலில் ஊர் கூடியபோது அவர் யோசனை சொன்னார். இவள் பேரையும் குடத்தில் போட்டுவிட்டால் இவளும் குடும்பம் ஆகிவிடுவாள், வீடும் கிடைக்கும், கையெழுத்தும் கிடைக்கும்.

முரளி எழுந்தான். அம்மன் முன்னால் குடத்தில் போட்ட பேரைச் சாவு தவிர எதனாலும் வெளியே எடுக்க முடியாதே என்றான். அது ஊர்க் கட்டுப்பாடு; எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"கட்டடம் வந்தாப்புறம் எவன்டா பாட்டுக்குப் போவப்போறான்?" என்றார் தருமலிங்கம். "நீ லிப்ட்ல ஏறி வலை கட்டப்போறியா?"

கூட்டம் சிரித்தது. முரளியும் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். ஏரி முடிந்துபோன காரியம் என்று அன்றைக்கு அத்தனை பேரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஒருவர்கூட அதைத் துக்கமாகச் சொல்லவில்லை. செவ்வந்தியின் பேரைத் தாளில் எழுதி, மடித்து, சூடம் கொளுத்தி, குடத்தில் போட்டார்கள். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த முறை ஹரிஹரன் வந்தது யாருக்கு எந்த மாடி என்று முடிவு செய்ய. ஊர் தயாராக இருந்தது. முதல் வருடம் யாருக்கு எது என்பதைக் குடம் சொல்லும். அதன் பிறகு வருடா வருடம் ஆடியில் மேல் மாடிக்காரர்கள் கீழே வர வேண்டும், கீழே உள்ளவர்கள் ஒவ்வொரு மாடியாக மேலே போக வேண்டும் என்று தலைவர் விளக்கினார். காற்று ஒருத்தனுக்கே அடித்துக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா?

ஹரிஹரன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பத்திரம் ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் பேரில்தான் பதிவாகும் என்றான். சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும், ஆள் மட்டும் மாறிக்கொள்கிறோம் என்றார் தலைவர். அப்படியானால் அது யாருடைய வீடு என்று அவன் கேட்டான்.

"அந்த வருசம் யாருதோ அவனுது சார்" என்றார் தலைவர்.

அவன் இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னான். அவர்களும் இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார்கள். இவ்வளவு படித்தவருக்கு இது புரியவில்லையே என்று அவர்களுக்கு அவன் மேல் பரிதாபம் வந்தது. அவன் முகத்திலும் ஏறக்குறைய அதேதான் தெரிந்தது. யார் பக்கம் நியாயம் என்று சொல்வது சுலபமில்லை. ஒரு வீடு எப்போதைக்கும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம் என்பது படிக்காமல் தானாகப் புரிகிற விஷயமா என்றே சந்தேகமாக இருக்கிறது. கடைசியில் அவன் பெரிய அதிகாரிகளை அழைத்து வந்தான். அவர்களிடமும் ஊர் பொறுமையாக விளக்கியது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. எளாவூர் பக்கம் வேறு இடம் பார்த்துவிட்டதாகப் பேச்சு அடிபட்டது. வந்துகொண்டிருந்த அனுமதி எங்கே வரை வந்தது என்றும் தெரியவில்லை.

ஊர் ஒரு வாரம் கம்பெனியைத் திட்டிவிட்டு வலை பின்னப் போனது.

மழைக்கு முன்னால் பாட்டுச் சீட்டு எடுக்கும் நாள் வந்தது. பூசாரி குடத்துக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். முகத்துவாரத்துப் பாட்டுக்கு எடுத்த சீட்டைப் பிரித்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். பிறகு தலைவரிடம் நீட்டினார். அவர் அதைப் படித்து முரளியிடம் நீட்டினார். முரளி படிக்காமலேயே தெரிந்துகொண்டான்.

"இது வீட்டுக்குப் போட்டதுதானே மாமா" என்றான்.

தலைவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி அம்மனைப் பார்த்தார். வீட்டுக்குப் போட்ட சீட்டு, பாட்டுக்குப் போட்ட சீட்டு என்று அம்மனுக்குத் தனித்தனியாகத் தெரியுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெளியே எடுக்கச் சாவு வேண்டும். பெண்கள் வரிசையில் செவ்வந்தி ஆரோக்கியமாக உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் முரளி குடிசைக்கு வந்தான். வழக்கம்போல அந்த முறையையும் தானே பார்த்துக்கொள்வதாகவும், அண்ணிக்கு எதுக்கு இந்தச் சிரமம் என்றும் சொன்னான்.

"பார்த்துக்கோ" என்றாள். "படகுல நானும் வர்றேன்."

"நீ வந்து இன்னா பண்ணப்போற அண்ணி?"

"உக்காந்துகினு இருப்பேன். என் பாடுதானே."

ஏரித் தீவான பசியாவரத்துக் கல்யாணங்களுக்குப் போகும்போது படகில் ஏறுகிறவள்தான். வலை கிடக்கும் படகில் ஏறுவதுதான் புதிது. கூடாது என்று ஊரில் யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. கேட்கிறவள் ஒருத்தி வருவாள் என்று எதிர்பார்க்காததுதான் காரணம்.

முதல் முறை அன்று விடியும் முன் கிளம்பினார்கள். முரளி கோல் ஊன்றினான். முகத்துவாரத்துக்குப் போனதும் இறங்கி மூங்கில் நட்டு வலையைக் கட்டினான். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த பக்கம் கொஞ்சம் தொய்ந்திருந்தது. அவன் பார்த்தான், சரி செய்யவில்லை.

வெளிச்சம் வந்த பிறகு செவ்வந்தி திரும்பிக் கரையைப் பார்த்தாள். தண்ணீரிலிருந்து பார்க்க ஊர் சின்னதாக இருந்தது. மேட்டின் மேல் தன் குடிசை மட்டும் தனியாக நிற்பதும், கூரையின் கடல் பக்கம் உள்வாங்கியிருப்பதும் தெரிந்தது. இருக்கப்போகிறோமா இல்லையா என்று தெரியாததால் கம்பெனி வந்த நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"முரளி."

"இன்னா அண்ணி?"

"மழைக்கு முன்னாடி கூரை மாத்தணும். ரெண்டு ஆளைச் சொல்லி வை."

அவனும் திரும்பி மேட்டைப் பார்த்தான். ஓலையா, ஷீட்டா என்று கேட்டான்.

ஷீட் என்றால் ரொம்ப நாள் தாங்கும். வெயிலில் உள்ளே இருக்க முடியாது. வலை மெல்ல அசைந்தது.

"ஷீட்டே போட்டுடு" என்றாள்.