மாட்டுச் சட்டியில் வெந்த பட்டு ரிப்பன்

பட்டுத் துணியைக் கிழிப்பது இவ்வளவு சுலபம் என்று நாற்பது வயது வரை எனக்குத் தெரியாது. ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு. பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் இழை பார்த்து நேராகக் கிழிந்துகொண்டே போகும். இரண்டு விரல் அகலத்தில் ரிப்பன் தயார். ஓரத்தில் நூல் பிரிந்து பிசிறாக நிற்கும். அந்தப் பிசிறுதான் அழகு, கையால் செய்ததற்கு அதுதான் அடையாளம் என்று வீடியோவில் ஒரு பெண் சொன்னாள். எங்கள் வீட்டில் அதற்குக் கந்தல் என்று பெயர் வைத்தார்கள்.

வைத்தவர் என் மாமியார். ஆரணியிலிருந்து வரவழைத்த வெள்ளைப் பட்டை நான் கூடத்தில் உட்கார்ந்து கிழிப்பதை வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தானம்மா இருந்த. இன்னா ஆச்சு உனக்கு? பட்டைக் கிழிச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்க" என்றார்.

எதற்காகக் கிழிக்கிறேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். என் கணவரின் தங்கைக்குக் கல்யாணம். மாமியாருக்கு ஒரே பெண். ஆனால் அது இரண்டாவது கல்யாணம் என்பதால், அந்த வீட்டில் யாருக்கும் அதைப் பற்றி எதுவும் தெரியாது என்பதுபோல் எல்லோரும் நடமாடிக்கொண்டிருந்தோம்.

நாத்தனாரின் முதல் கல்யாணம் கள்ளக்குறிச்சியில் பெரிய மண்டபத்தில் நடந்தது. யாரென்றே தெரியாதவர்களுக்கெல்லாம் பத்திரிகை வைத்து, மைக் செட் போட்டு, ஊரின் காதைக் கிழித்தோம். அந்த மாப்பிள்ளை விபத்தில் போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது. இந்தத் தடவை திருக்கோவிலூர் கோயிலில், காலை ஆறு மணிக்கு, நாற்பது பேர். ஊர் முழிப்பதற்குள் தாலி ஏறிவிட வேண்டும், டிபன் நேரத்துக்கு வீடு வந்துவிட வேண்டும் என்று திட்டம். திருடப் போகிறவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

நாத்தனார் வெள்ளிமலையில் நர்ஸ். தினமும் மலைப் பஸ்ஸில் போய் வருபவள். மாப்பிள்ளை அதே பஸ்ஸில் வரும் பள்ளிக்கூடத்து வாத்தியார். அத்தனை வளைவிலும் முகம் வெளுக்காமல் உட்கார்ந்து வருபவர்கள் அந்தப் பஸ்ஸில் இவர்கள் இரண்டு பேர்தானாம். பேசிப் பழக இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை. என் மாமியாருக்கு எந்தக் காரணமும் தோன்றவில்லை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து பெற்ற பெண்ணோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்க்காமல், "டீ ஆறிப் போவுதுன்னு சொல்லு" என்று என்னிடம் சொல்வார். மாமனார் இதில் எந்தப் பக்கமும் சேராமல் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தும் படிக்கக் கற்றுக்கொண்டார்.

கோயிலுக்கு வருவேன் என்றும் மாமியார் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "வந்தா வரட்டும், வராங்காட்டி போவட்டும்" என்றாள் நாத்தனார், ரொம்பத் தைரியமாக. அப்புறம் தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் பையைக்கூட வைக்காமல் என்னிடம் கேட்பாள்: "அம்மா எதுனா சொல்லிச்சா அண்ணி?" இல்லை என்பேன் நான். கைகால் கழுவப் போய்விடுவாள்.

கல்யாணத்துக்கு என்று அவள் வாய்திறந்து கேட்டது ஒன்றுதான். தாம்பூலப் பையைக் கட்ட, தன் ஜடையில் முடிய, பட்டு ரிப்பன் வேண்டும். கடையில் விற்கும் பளபளா ரிப்பன் வேண்டாம், செடி கொடியில் சாயம் போட்ட அமைதியான நிறம் வேண்டும். நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. அந்தப் படிப்பை வைத்து இதுவரை எதுவும் செய்ததில்லை. எனவே, "நானே போட்டுத் தரேன்" என்று ஒப்புக்கொண்டேன்.

முதலில் பீட்ரூட். பார்த்தவர் கண் பட்டுவிடும் போல ஒரு ரோஸ் நிறம் வந்தது. ஒரு தண்ணீர் அலசியதும் அத்தனையும் போய்விட்டது. அன்றைக்கு எங்கள் சாக்கடைதான் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. அடுத்தது வெங்காயச் சருகு. பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் ஒரு மூட்டை கேட்டேன். கொடுத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வூட்ல எதுனா கஷ்டமாம்மா?" என்றார். அந்த அனுதாபத்துக்கு ஈடாகச் சொல்லும்படி நிறம் வரவில்லை. பழைய செங்கல் போல ஒன்று வந்தது.

அப்புறம் நாத்தனாரே மலையிலிருந்து ஒரு பை கடுக்காய் கொண்டுவந்தாள். அவளிடம் பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்ட அம்மா ஒருத்தி கொடுத்ததாம். இடித்து, ஊறவைத்து, ஒரு டம்ளரில் துண்டு ரிப்பனைப் போட்டுப் பார்த்தேன். உருக்கிய நெய்யின் நிறம். நாத்தனார் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்து, "இதுதான் அண்ணி" என்றாள்.

மிச்சப் பட்டு முழுவதையும் ஒரே தடவையில் போட்டால்தான் நிறம் ஒரே மாதிரி வரும். அதற்குப் பெரிய பாத்திரம் வேண்டும். மாமியாரிடம் கேட்டேன். "சோறாக்கற ஏனத்துல துணிய வேவ வெப்பியா? ஒண்ணும் வேணாம்" என்று எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டார். மிஞ்சியது, தொழுவத்தில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை காய்ச்சும் சட்டி. சாம்பல் போட்டு அரை நாள் தேய்த்தேன். கடுக்காய்த் தண்ணீரைச் சூடாக்கி, நாற்பத்திரண்டு ரிப்பனையும் போட்டுக் கிளறினேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் கறுத்தது. ரிப்பனும் கறுத்தது.

கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை. கல்லூரியில் சோதனைக் குழாயில் இதைச் செய்து காட்டிக் கைதட்டு வாங்கியவள் நான். மாட்டுச் சட்டி இரும்பால் ஆனது என்பது மட்டும் அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. பட்டப்படிப்பு தொழுவம் வரைக்கும் வராது போலிருக்கிறது.

காய்ந்தபோது கொஞ்சம் வெளுத்து, சிலேட்டுப் பலகை நிறத்தில் வந்து நின்றது. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. கையில் வேறு பட்டு இல்லை. மாமியார் கொடியருகே வந்தார். தொங்கிய ரிப்பன்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நாத்தனார் வந்ததும் நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு ரிப்பனை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

"மழைக்கு முன்ன மலை இந்தக் கலர்லதான் இருக்கும் அண்ணி. இதயே கட்டலாம்."

"கல்யாணத்துக்குக் கருப்பான்னு பேசுவாங்க."

"இப்ப மட்டும் இன்னா பேசாமயா இருக்காங்க?"

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் ரிப்பன்களை இஸ்திரி போட்டு, ஒரு தாம்பாளத்தில் அடுக்கிக் கூடத்தில் வைத்தேன். பிறகு நானும் நாத்தனாரும் ரவிக்கை வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். தையல்காரர் ஒரு வாரமாகச் சொல்லிவந்த அதே பொய்யைச் சொல்லி, எங்களை உட்காரவைத்துக் கொக்கி தைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வர மதியம் ஆகிவிட்டது.

தாம்பாளத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மேலாக இருந்த ரிப்பனின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை, கட்டைவிரல் அளவுக்கு. அதற்கடுத்ததிலும் இருந்தது, அதற்கும் அடுத்ததில் இருந்தது. மூன்று வார வேலை. பழிவாங்க இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்கவில்லையா என்று நினைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன்.

"அத்தை, ரிப்பன்ல இதெல்லாம் யாரு பண்ணது?"

மாமியார் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"புதுத்துணி இல்ல அது? மஞ்ச வெக்காத அப்படியேவா கட்டுவாங்க?"

எங்கள் பக்கத்தில் பனியன் வாங்கினால்கூட ஓரத்தில் மஞ்சள் வைத்துத்தான் போடுவோம். அது எனக்குத் தெரியாததா? தெரிந்தும், என் படிப்புக்கு அப்போதும் எட்டவில்லை. கறை எப்படிப் போகும், எலுமிச்சை போடலாமா என்று யோசித்தபடி கூடத்துக்குத் திரும்பினேன்.

நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தாள். ரிப்பன்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டிலும் இருந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. ஜடைக்கென்று நீளமாக எடுத்து வைத்ததில் இரண்டு முனையிலும் இருந்தது. கடந்த ஐந்து வருடமாக எந்த விசேஷத்திலும் மஞ்சள் குங்குமத் தட்டு அவளைத் தாண்டித்தான் போகும். அவளைத் தாண்டி அந்தத் தட்டைக் கொண்டுபோன கைகளில் என் மாமியாரின் கையும் உண்டு, என் கையும் உண்டு. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

மாமியார் ஈரக் கையோடு வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு, மகளைப் பார்த்துச் சொன்னார்:

"தலை பின்ன வேற யாரையும் கூப்புடாத. நானே பின்னி வுடறேன். வேன்ல முன்னாடி சீட்டு எனக்கு, சொல்லிட்டேன். பின்னாடி உக்காந்தா இடுப்பு புடிச்சிக்கும்."

"சரிம்மா" என்றாள் அவள்.