தலையெழுத்து

எங்கள் தொழிற்சாலையில் கம்ப்யூட்டருக்கு ஏ.சி. உண்டு, மனிதர்களுக்குக் கிடையாது. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில் இருந்தது அந்த லாரித் தொழிற்சாலை. எழுபதுகளின் தொடக்கம். கம்ப்யூட்டர் என்றால் ஒரு ஹால் முழுக்க நிற்கும் இரும்பு பீரோக்கள். அதற்குச் சொல்லவேண்டியதை எல்லாம் அட்டைக் கார்டில் ஓட்டை போட்டுத்தான் சொல்லவேண்டும். நான் புரோகிராம் எழுதுகிறவன். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதிக் கொடுப்பேன். பக்கத்து அறையில் ஆறு பெண்கள் அதைப் பார்த்து டைப் அடிப்பதுபோல அடிப்பார்கள். மெஷின் கார்டில் ஓட்டை போடும். ஒவ்வொரு ஓட்டை வரிசைக்கும் நேர் மேலே, கார்டின் மேல் விளிம்பில், அது என்ன எழுத்து என்று பொடியாக அச்சும் விழும். அந்த அச்சுக்கு அந்த அறையில் தலையெழுத்து என்று பெயர்.

அந்தப் பெயரை வைத்தது அந்த ஆறு பேரில் ராயபுரத்திலிருந்து வந்த ஒரு பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீடு மாதா கோயிலுக்குப் பின்னால். அன்றைக்கு மனதில் அவளை 'அவள்' என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் கை எழுதுகிறது. அது மரியாதையா, பயமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு வருஷமாக அவர் டெம்பரரி. சீக்கிரமே பெர்மனன்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மேலதிகாரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அடிப்பார். ஆங்கில எழுத்து ஓவும் சைபரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும் என்பதால், சைபருக்குக் குறுக்கே ஒரு கோடு போடவேண்டும் என்பது எங்கள் சட்டம். அவசரத்தில் நான் மறந்துவிடுவேன். மற்ற பெண்கள் இடம் பார்த்து சைபராக அடித்துவிடுவார்கள். இவர் ஓ என்றே அடிப்பார். புரோகிராம் படுத்துவிடும். கேட்கப் போனால், "நீ எழுதுனது ஓ தானே சார்? நான் மாத்தி அடிச்சி, நாளைக்கு அது நெசமாவே ஓவா இருந்தா இன்னா பண்ணுவே?" என்பார். சார் என்பார், ஆனால் நீ என்பார். அந்தப் பக்கத்துப் பேச்சில் அது மரியாதைக் குறைவு இல்லை.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். தப்பு என்னுடையது என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வரும். அந்தக் கோபத்தில்தான் ஒரு புரோகிராம் எழுதினேன். அதன் வேலை மற்ற புரோகிராம்களைப் படித்து, தப்பு இருந்தால் தானாகவே திருத்திப் புதுக் கார்டுகளில் அடித்துத் தருவது. விட்டுப்போன புள்ளியைப் போடும், இடம் மாறியதை நகர்த்தும், எண்ணை ஒட்டி ஓ வந்தால் சைபராக்கும். யாரையும் கேட்காது. நான் அதற்கு டாக்டர் என்று பெயர் வைத்தேன். அவர் அதை கம்பவுண்டர் என்றார். "கேக்காமயே மருந்து குடுக்குதே, அதான்."

டாக்டர் அடித்துத் தரும் கார்டுகளில் ஓட்டை மட்டும்தான் இருக்கும். மேல் விளிம்பு மொட்டையாக இருக்கும். அதனால் அவற்றை இன்னொரு மெஷினில் விட்டு எழுத்தை அச்சடித்துக்கொள்வேன். அந்த மெஷினின் எழுத்து கொஞ்சம் பெரிது. ஓட்டைக்கு நேராக விழாது, தள்ளித் தள்ளி விழும். பழைய கார்டுகளைச் சாக்கில் போட்டுவிடுவேன். ஆறு மாதம் எல்லாம் ஜோராக நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்களிடம் மேலதிகாரி, டாக்டரை எழுதியவன் என்று என்னைத் தோளில் கைபோட்டு அறிமுகம் செய்துவைத்தார். நான் தரையில் நடக்கவில்லை.

பிறகு ஸ்டோரில் புது அடுக்குகள் வந்தன. ஆயில் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், வைக்கும் அடுக்குக்கு 'நாலு ஓ' என்று குறி கொடுத்தார்கள். நாலு எண், ஓ எழுத்து. எந்தச் சாமான் தீரப்போகிறது என்று தினமும் லிஸ்ட் போடும் புரோகிராமில் அந்தக் குறியைச் சேர்த்தேன். தாளில் சரியாக எழுதினேன். அவர் சரியாக அடித்தார். டாக்டர் அதை நாற்பதாக்கிவிட்டது. நாற்பது என்று ஓர் அடுக்கே கிடையாது. ஆயில் சீல் தீர்ந்துகொண்டே வந்தது, லிஸ்டில் வரவே இல்லை. ஒருநாள் காலை கடைசி சீலும் தீர்ந்து, வண்டி பூட்டும் லைன் அப்படியே நின்றது. ஒன்றரை நாள் நின்றது.

மேலதிகாரி தாளையும் கார்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தாளில் ஓ. கார்டில் சைபர். அதை அடித்தவரைக் கூப்பிட்டனுப்பினார். நான் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தேன். கார்டைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அவர் வந்து கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது நான் அடிச்ச கார்டு இல்ல சார். எங்க மிஷின்ல ஓட்டைக்கு நேரா எழுத்து வுழும். இதுல தள்ளி வுழுந்து கீது, பாரு."

டாக்டர் தப்பைத் திருத்தும் என்றுதான் மேலதிகாரிக்குத் தெரியும், புதுக் கார்டு அடிக்கும் என்று தெரியாது. என்னைப் பார்த்தார். "அப்படியா? வேற மெஷின் கார்டா இது?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாற்றியது டாக்டர்தான் என்று சொல்லவேண்டி வரும், தோளில் போட்ட கையை எடுத்துவிடுவார், அவ்வளவுதான். பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த ஒரு நொடியில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "இவங்க மெஷின்லயே ரிப்பன் தளர்ந்துபோனா எழுத்து அப்படி விழும் சார்," என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன். கூட்டல் கணக்கில் எங்கே பிசகியது என்று தேடுகிறவர்போலத்தான் பார்த்தார். பிறகு கார்டை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

பெர்மனன்ட் ஆகவில்லை. மாதக் கடைசியோடு வரவேண்டாம் என்று தாள் கொடுத்தார்கள். அந்த நாட்களில் பஸ்ஸில் அவரைப் பார்த்தால் நான் பின்வாசலில் ஏறுவேன். தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்ற அந்த நேரம் தினமும் வந்தது, தினமும் போனது. நான் கோழை. இதை வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் அவரே என் மேஜைக்கு வந்தார். கையில் டிபன் பாக்ஸ். நான் எழுந்து நின்றேன்.

"கம்பவுண்டரு தானே சார்?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"எனக்கு அங்கயே தெரியும். நீ சொல்லுவேன்னு பாத்தேன்." டிபன் பாக்ஸை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "சரி வுடு. இனிமேங்காட்டி அது எதுனா மாத்துச்சின்னா, இன்னா இருந்துச்சி, இன்னாவா மாத்துச்சின்னு ஒரு லிஸ்ட்டு அடிச்சி குடுக்கச் சொல்லு. இல்லாட்டி இன்னொருத்தி மாட்டிப்பா."

போய்விட்டார். அடுத்த வாரம் முழுக்க உட்கார்ந்து அதைத்தான் செய்தேன். அதைச் சேர்க்க மொத்தம் முப்பது கார்டுகூட ஆகவில்லை. அவர் கடைசியாக அடித்துவைத்த இரண்டு பெட்டிக் கார்டுகளை டாக்டரிடம் விட்டேன். திருத்தங்களின் லிஸ்ட் ஒன்றரைப் பக்கம் வந்தது. என் தாள்களை எடுத்து வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். அத்தனையும் நான் எழுதிய தப்புகள். அவர் அடித்ததில் ஒன்றுகூட இல்லை.

அவருடைய இடத்துக்கு அப்போது இன்னும் ஆள் எடுக்கவில்லை. லிஸ்டை எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன், அது சத்தியம். மேலதிகாரி கையை நீட்டி லிஸ்டை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார்.

"என்ன மாத்தினதுன்னு அதுவே சொல்லுதா? பிரமாதம்," என்றார். "யாரோட ஐடியா இது?"

"என்னோடதுதான் சார்," என்றேன்.