கனகாவின் கால் ஆறிய கதை

வேடசந்தூர் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்க்கும் கனகாவுக்குத் தன் ஒருத்திக்காக உலை வைப்பதே பெரும்பாடு. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் சுகன்யா, தாய் வேண்டாமென்ற பையனையே கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனவள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

மில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு நாள் அவசரமாகக் கஞ்சி வடித்தாள். பிடிதுணி நழுவியது. கொதிக்கும் கஞ்சி முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் கொட்டியது. கத்தினாள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. குழாயில் தண்ணீர் வரும் நாளுமல்ல. குடத்திலிருந்து ஒரு செம்பு மட்டும் ஊற்றிவிட்டு, குடிக்க வேண்டுமே என்று நிறுத்திக்கொண்டாள். பல் தேய்க்கும் பேஸ்டை எடுத்து அப்பினாள்.

மறுநாள் கால் சிவந்து வீங்கி, நாவற்பழம் பருமனில் கொப்புளங்கள். ஒன்று உடைந்து நீர் வடிந்தது. சேலை உரசினாலே உயிர் போனது. பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் பார்த்த பிறகு, நர்ஸ் சகாயசெல்வி காய்ந்த பேஸ்டைக் கழுவி எடுத்தாள். கனகா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சுட்ட ஒடனே இருபது நிமிஷமாவது பச்சத் தண்ணி ஊத்தியிருக்கணும்க்கா. வேற எதையும் தடவக் கூடாது. மேல்தோலுக்கு அடியிலயும் வெந்திருக்கு. முழு ஆழத்துக்குப் போயிருந்தா நரம்பு செத்து வலியே தெரியாது. அம்புட்டுக்குப் போகல, அதான் இம்புட்டு வலி. ஆறிரும்."

ரணஜன்னி வராமலிருக்க டி.டி. ஊசி போட்டு, களிம்பு வைத்துக் கட்டினாள்.

"கொப்புளத்தக் குத்திறாதீங்க. காலத் தலையணையில தூக்கி வைங்க. காய்ச்சலோ சீழோ வந்தா ஒடனே வாங்க. கூட வந்தவுகளக் கூப்பிடுங்க, அவுகள்ட்டயும் சொல்லிர்றேன்."

"மக வெளிய நிக்கிறா," என்றாள் கனகா.

சகாயசெல்வி கதவு வரை போய் எட்டிப் பார்த்தாள். வெளியே யாருமில்லை. திரும்பி வந்து, சொன்னதையெல்லாம் கனகாவிடமே இன்னொரு தரம், மெதுவாகச் சொன்னாள்.

காலைத் தூக்கி வைத்துப் படுத்தால், தண்ணீர் மோந்து தர ஆள் வேண்டுமே. சுவரைப் பிடித்து நடந்து அவளே மோந்து குடித்தாள். ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் மகளின் நம்பரை அழுத்தினாள்.

"யாரு?" என்றது ஒரு மழலைக் குரல்.

தனக்குப் பேரப்பிள்ளை இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாருடா போன்ல?" பின்னால் சுகன்யாவின் குரல்.

"பேச மாட்டேங்குறாங்கம்மா."

போன் வைக்கப்பட்டது. மகள் திரும்ப அழைப்பாள் என்று இருட்டும்வரை போனை மடியிலேயே வைத்திருந்தாள். அழைப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய்க் கட்டு மாற்றியதில், சில வாரங்களில் புண் ஆறியது. வெளிறிய புதுத்தோல் இழுத்தது, அரித்தது. தேங்காயெண்ணெய் தடவி, வெயில் படாமல் சேலையை இறக்கிக் கட்டி, மில் பஸ்ஸில் ஏறினாள்.

"காலுக்கு என்னாச்சுக்கா?" என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள்.

கனகா சொல்ல ஆரம்பித்தாள். மில் கேட் வந்தும் சொல்லி முடிக்கவில்லை.