சுவரில் ஒட்டிய கடல்

பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் வந்தால் சமையல்கட்டுக்குள் போய்விடுகிற சுபாவம். இப்படிப்பட்டவள் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் வீடு வாங்கிய என் தம்பி, கூடத்துச் சுவரில் கடல் வரைபடம் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். இப்போது அதுதான் அழகாம். வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று பார்க்கிறார்கள். நம் வீட்டில் நாற்பது வருஷத்துக்கு முன்பே அதைக் கஞ்சிப்பசையில் ஒட்டியாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆட்கள் இருந்தார்கள், சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தம்பி தூளியில் கிடந்தான். பூதலூர் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் எங்கள் வீடு. மண்சுவர், கீற்றுக்கூரை. மழைக்காலம் வந்தால் சுவர் பொரிந்து சோற்றுப் பானையில் உதிரும். மெழுகி மெழுகி அம்மாவுக்குக் கை சலித்திருந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, சரக்குக் கப்பலில் தளம் கழுவும் வேலை பார்த்தார். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அந்தத் தடவை பவுடரும் சோப்பும் எதிர்பார்த்திருந்த அம்மாவுக்கு அவர் கொண்டுவந்தது, என் உயரத்துக்கு ஒரு காகிதச் சுருள். கப்பலுக்குப் புது வரைபடம் வந்தால் பழையதைக் கழித்துவிடுவார்களாம். கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"பேப்பருன்னு நெனைக்காத அக்கா, துணி மாதிரி. இழுத்துப் பாரு, கிழியாது."

"அதுக்காக இடுப்புல சுத்திக்கவா முடியும்?" என்றாள் அம்மா.

ஆனாலும் சுவருக்கு ஆகும் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பூச்சி அரிக்காமலிருக்கக் கஞ்சியில் மயில்துத்தம் கலந்து காய்ச்சினாள். ஒட்டும்போது அம்மாவுக்கும் மாமாவுக்கும் சண்டை. வெள்ளைப் பக்கம் வெளியே இருந்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும் என்பது அம்மாவின் கட்சி.

"ஊரெல்லாம் சுத்தி வந்த படத்தை மூஞ்சியத் திருப்பி ஒட்டச் சொல்றியே, ஞாயமா?" என்றார் மாமா. அவர் கட்சி ஜெயித்தது.

வயலிலிருந்து வந்த அப்பா வெகுநேரம் பார்த்தார். "கடலெல்லாம் நம்பரா இருக்கு. நெலத்துல ஒண்ணையும் காணுமே?"

"கப்பக்காரனுக்கு நெலம் எதுக்கு மச்சான்? ஆழம் தெரிஞ்சா போதும். அந்த நம்பரெல்லாம் ஆழந்தான்."

"அது சரி" என்று சொல்லி அப்பா கால் கழுவப் போய்விட்டார்.

மாமா கப்பலுக்குத் திரும்பியதும் அந்தக் கடலை நான் எடுத்துக்கொண்டேன். வளைந்து போகும் கோடுகளும் நடுவே எண்களும் எனக்கு வரப்பு போட்ட வயலாகத் தெரிந்தன. நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகப் படியும் பென்சில் ஒன்றை மாமா கொடுத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு பதினாலு என்று இருந்த இடத்தில் 'மேலப்பங்கு' என்று எழுதினேன். இருபத்திரண்டில் 'ஒத்தப்பனை வயல்'. ஒன்பதில் 'வாய்க்கால் பங்கு'. எல்லாம் எங்கள் வயல்களின் பெயர்கள். நடுவில் கொட்டை எழுத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். என் மரப்பாச்சி அங்கே நடவு நட்டது.

எங்கள் வயல்கள் என்றேனே தவிர, அவை எங்களுடையவை அல்ல. மிராசுதாருடைய பதினைந்து மா நிலத்தைத் தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்குச் செய்துவந்தோம். எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். குத்தகைக்காரர்கள் தாலுக்கா ஆபீஸில் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்தவரை லேசில் நிலத்தைவிட்டு இறக்க முடியாது என்று அப்போது சட்டம் வந்திருந்தது. சிலர் பதிந்தார்கள். அப்பா பதியவில்லை. அப்புறம் மிராசுதார் முகத்தில் எப்படி முழிப்பது என்று அவருக்கு. அதற்குள் மிராசுதார் முந்திக்கொண்டார். பதியாதவர்களிடம், நிலத்தை மனமொப்பி விட்டுவிடுகிறேன் என்ற காகிதத்தில் கையெழுத்து வாங்கி வரத் தன் ஏஜெண்டை அனுப்பினார். பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் போட்டுவிட்டார்கள். நாளைக்கு உங்கள் வீடு என்று எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாதவர். நிலம் போனால் என்ன செய்வது என்று அம்மா அன்று சாப்பிடவே இல்லை.

ஏஜெண்ட் காலையில் வந்தார். அப்பாவைக் கூப்பிட அம்மா வயலுக்கு ஓடினாள். நான் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன். வெயிலிலிருந்து குனிந்து உள்ளே வந்தவர், மடியில் தோல்பையை வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். இருட்டு கண்ணுக்குப் பழகியதும் எழுந்து சுவரருகே போனார்.

"ஏ பாப்பா, என்ன இது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க வயலுங்க."

"யாரு கொண்டாந்தது?"

"எங்க மாமா. கவர்மெண்டு முத்திரைகூட இருக்குங்க." மூலையில் இருந்த ஊதா முத்திரையைக் காட்டினேன். பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏஜெண்டுக்கு இங்கிலீஷ் தெரியாது. கணக்குப்பிள்ளை வீட்டில் கிராமத்து நில அளவைப் படம் பார்த்திருப்பார். அதிலும் கோடு, எண், முத்திரைதான். அப்பாவின் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

முழங்கால்வரை சேற்றோடு அப்பா வந்து நின்றார். பின்னால் அம்மா.

"என்னய்யா, ஊமையாட்டம் இருந்துக்கிட்டே பதிஞ்சிட்டியா? படமெல்லாம் போட்டு வாங்கி ஒட்டியிருக்க!"

அப்பா சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் உதடெல்லாம் ஊதா.

"ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லலீங்க" என்றார் அப்பா. "கூச்சமா இருந்துச்சுங்க."

"கூச்சம்! பொண்டாட்டி தம்பிய விட்டுக் காரியத்த முடிச்சிட்டு, கூச்சமாம். அப்ப இந்தக் காயிதத்த நான் யாருக்குக் கொண்டாந்தேன்?" காகிதத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் திரும்பினார். "இதையெல்லாம் பொட்டியில வச்சிப் பூட்டுவாங்கய்யா, செவுத்துலயா ஒட்டுவாங்க?"

"பொட்டியக் கரையான் அரிச்சிடுதுங்க" என்றாள் அம்மா.

எட்டாவது படிக்கும்போதுதான் அந்த ஊதா முத்திரையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ரத்து செய்யப்பட்டது என்று இங்கிலீஷில் இருந்தது.

பொய் சொன்னால் அடிக்கிறவர் அப்பா. ஏஜெண்ட் வந்ததற்கு முந்தின வாரம்கூடப் பக்கத்து வீட்டு முட்டை விஷயமாக அடி வாங்கியிருந்தேன். அப்படிப்பட்டவர் அது கடல், மச்சான் கொடுத்தது என்று ஏன் சொல்லவில்லை? மாமா சொன்னதை அப்பா மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. அன்று மத்தியானம் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன். "இது கடலுப்பா. நம்பரெல்லாம் ஆழம். நான் சும்மா வெளையாட்டுக்கு எழுதுனேன்."

அப்பா முழுவதையும் கேட்டுக்கொண்டார். "அப்படியா?" என்றார். அம்மாவிடம் வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போடச் சொன்னார். ஏதோ கல்யாணத்துக்கு என்று நினைத்தேன்.

மறுநாள் அப்பா முதல் பஸ்ஸில் தாலுக்கா ஆபீஸுக்குப் போனார். மேலப்பங்குக்குத் தண்ணீர் பாய்ச்ச அம்மா போனாள். நான் பள்ளிக்கூடம் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொண்டேன்.