மோட்டாருக்குப் பூசிய சந்தனம்

உழவு மாடுகளை விற்றுவிட்டு, அருப்புக்கோட்டையில் மரம் அறுக்கும் வட்டவாளும், அதை ஓட்ட ஒரு பழைய கரண்டு மோட்டாரும் வாங்கிப் போட்டேன். டவுனுக்குக் கரண்டு வந்து அதிக நாளாகவில்லை. திருச்சுழிப் பக்கம் எங்கள் காட்டை உழுதுகொண்டிருந்த அண்ணனுக்கு இது பிடிக்கவே இல்லை. விஜயதசமியன்று நேரில் வந்து பார்ப்பேன், தொழில் சரிப்படாவிட்டால் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். மாடு விற்றதைத் தவிர வேறு எதிலும் நான் அவர் சொல்லைத் தட்டியதில்லை.

அன்று காலையில் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் முனகியதே தவிர அசையவில்லை. வந்த கோபத்துக்கு அதை நாலு வார்த்தை ஏசிவிட்டு மெயினை அணைத்தேன். மூன்று ஃப்யூஸும் நன்றாகவே இருந்தன. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றியது. ஆக, பேரிங்கிலும் கோளாறில்லை. மிச்சம் இருந்தது பின்மூடிக்குள் இருக்கும் கரித்துண்டுகள். சுழலும் செம்பு வளையங்களை உரசிக்கொண்டே அவை கரண்டைக் கடத்த வேண்டும். மூடியைத் திறந்தேன். கமகமவென்று சந்தன வாசனை!

முந்தின நாள் ஆயுத பூஜை. வாளுக்கு நான் பொட்டு வைத்துவிட்டுப் போன பிறகு, என் மனைவி மூடியைக் கழற்றி வளையங்களுக்கெல்லாம் கெட்டியாகச் சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்திருக்கிறாள். அது காய்ந்து, கரி வளையத்தைத் தொட முடியாமல் நின்றது.

"வெளிய பூசுனா பாக்குறவுகளுக்கு அழகு. வேல செய்யிறது உள்ளதான?" என்றாள். கத்த வாயெடுத்தவன் சிரித்துவிட்டேன். இவளை என்ன செய்ய?

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து நின்றார்.

"என்னடா, ஓடலையா?"

"கரி தேஞ்சுபோச்சுண்ணே" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அவள் விடவில்லை. "கரி தேயல. நாந்தான் உள்ள சந்தனத்த அப்பிட்டேன். அவுக மேல குத்தமில்ல." அண்ணன் எதிரில் அவள் அதுவரை வாய் திறந்ததே இல்லை.

அண்ணன் குனிந்து, பொட்டு வைத்த வளையங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன்."

"ஓடுறதப் பாத்துட்டுப் போங்கண்ணே. சுரண்டி எடுத்தா ஓடிரும்."

"ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன? இதுக்கு இம்புட்டு உருகுறவளப் பிடுங்கிக் கொண்டுபோயி நான் எந்தக் காட்டுல நடப்போறேன்?"

உப்புத்தாளால் வளையங்களைத் தேய்த்து முடிக்கும்போது அண்ணன் ஏறிய பஸ் போய்விட்டது. சுவிட்சை அவளையே போடச் சொன்னேன்.